ஊருணிக் கரையைச் சுரண்டாதீர்கள், புல்லை வெட்டுங்கள்

ஊராட்சி நிர்வாகத்தாருக்கும், நூறு நாள் வேலைப் பணித்தளப் பொறுப்பாளர்களுக்கும், இளைஞர் மன்றத் தம்பிகளுக்கும், அப்புறம் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு ஊர் வாட்ஸ்அப் குழுவில் "ஊருணி இப்படிக் காடாகக் கிடக்கிறதே, கேட்க ஆளில்லையா" என்று அடிக்கடி கேட்கும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

ஆடி பிறந்துவிட்டது. இனி வழக்கம்போல யாராவது ஒருவர் "மழைக்கு முன்னாடி ஊருணியைச் சுத்தம் பண்ணிடலாம்" என்பார். மறுநாள் காலையில் ஜேசிபி வந்து நிற்கும். சாயங்காலத்துக்குள் நம் குடிதண்ணீர்க் குளத்தின் நான்கு கரையும் மொட்டையாகிவிடும், எல்லோரும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வோம். இந்த வருஷம் அதைச் செய்யாதீர்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். கரையில் புல் அப்படியே மண்டிக் கிடக்கட்டும் என்று நான் சொல்லவில்லை. வெட்டத்தான் வேண்டும், வருஷத்துக்கு இரண்டு தடவையாவது வெட்ட வேண்டும். ஆனால் நாம் செய்வது வெட்டுவதே இல்லை, ஓர் அடி ஆழத்துக்கு மண்ணோடு வழித்தெடுப்பது.

போன புரட்டாசியில் வழித்தோமே, அதற்கப்புறம் என்ன ஆனது என்று யாராவது போய்ப் பார்த்தீர்களா? தீபாவளியை ஒட்டிப் பெய்த முதல் பெரிய மழையில் வடகரைச் சரிவில் விரல் பருமனுக்குக் கோடு கோடாக மண் அரித்து இறங்கியது. அடுத்த மழைக்கு அந்தக் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. கார்த்திகை கடைசியில் படித்துறைக்குப் பக்கத்தில் ஒரு முழங்கால் உள்ளே போகும் அளவுக்குப் பள்ளம். அந்த மண் எல்லாம் எங்கே போயிருக்கும்? நாம் குடிக்கிற தண்ணீருக்குள்தான். தைப்பொங்கல் வரைக்கும் குடத்தில் எடுத்துவந்த தண்ணீர் டீ நிறத்தில்தான் இருந்தது. தேத்தாங்கொட்டையைக் குடத்தின் உள்பக்கம் தேய்த்துத் தெளியவைக்கிற பழக்கத்தைப் பல வீடுகளில் மறந்தே போயிருந்தார்கள், போன வருஷம் மறுபடியும் சந்தையில் தேடி வாங்க வேண்டியதாயிற்று. போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணீர் என்பதால்தான் நமக்கு இன்னும் இந்த ஊருணி தேவைப்படுகிறது. கேன் தண்ணீர் வாங்க வசதியுள்ளவர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது, மற்றவர்களுக்கு அடுப்படிப் பிரச்சினை.

கரையில் இருந்தது என்ன புல் என்று வழிப்பதற்கு முன்னால் குனிந்து பார்த்திருந்தாலே போதும். முக்கால்வாசி அருகு. அருகம்புல் தரையோடு தரையாகப் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விடும். மண்ணுக்கு அடியிலும் தண்டு ஓடும். ஒரு கைப்பிடியைப் பிடுங்கிப் பாருங்கள், கை வலிக்கும், கூடவே ஒரு கட்டி மண்ணும் வரும். நம் கரை மண் மணல் கலந்த செவல் மண், அதைச் சரிவில் பிடித்து நிறுத்துவது அந்த வேர்தான். நாலு விரல் உயரம் விட்டு வெட்டினால் அருகு பக்கவாட்டில் அடர்ந்து பாய்போலப் படியும். வேரோடு வழித்துவிட்டால் அந்த வெற்று மண்ணில் முதலில் முளைப்பது அருகு இல்லை. பார்த்தீனியம், நெருஞ்சி, ஆட்டுப் புழுக்கையிலும் மாட்டுச் சாணத்திலும் வந்து விழுந்த சீமைக்கருவேல விதை, இவைதான் முந்திக்கொள்ளும். மாசி மாதம் "எத்தனை தடவை சுத்தம் பண்ணினாலும் முள்ளாக வருகிறதே" என்று சலித்துக்கொண்டோமே, நாம் சுத்தம் செய்த விதத்தால்தான் முள் வந்தது.

இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது. கரையில் இருந்து அரித்துப்போன மண் ஊருணி அடியில் வண்டலாகப் படியும். நாலைந்து வருஷத்தில் "ஊருணி மேடேறிவிட்டது, தூர்வார வேண்டும்" என்று தீர்மானம் போடுவோம். தூர்வாரிய மண்ணை எங்கே கொட்டுவோம்? கரையிலேயே, அதுவும் திமிசு போட்டு இறுக்காமல் குவியலாக. அடுத்த மழையில் அது திரும்ப உள்ளே போகும். ஒரே மண்ணுக்கு எத்தனை தடவை செலவு எழுதுகிறோம் என்று யாராவது கணக்குப் பார்த்தால் நல்லது.

சரி, அப்படியானால் எதற்கு வெட்ட வேண்டும், இயற்கையாகவே விட்டுவிடலாமே என்று கேட்கிறவர்களும் நம் ஊரில் உண்டு, முக்கியமாகக் காலேஜ் படித்துவிட்டு வந்திருக்கும் பிள்ளைகள். அவர்களுக்குச் சொல்வது: கிழக்குக் கரைக்கு வெளியே நிலம் தாழ்வு. ஊருணி நிறைந்து நிற்கும்போது தண்ணீர் வெளி நிலத்தைவிட உயரத்தில் நிற்கிறது, அதைத் தாங்குவது வெறும் மண் கரை. அதில் நண்டு வளை போடும், எலி வளை போடும், பெருச்சாளி குடைந்தால் கை நுழையும் அளவுக்கு ஓட்டை இருக்கும். மழைக்கு முன்னால் இந்த வளைகளைக் கண்டுபிடித்துக் களிமண் வைத்து இடித்து அடைத்துவிட்டால் ஒரு தொல்லையும் இல்லை. அடைக்காமல் விட்டால் தண்ணீர் ஏறும்போது அந்த வழியே முதலில் கசியும், பிறகு மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். மண் கரைகள் உடைவதில் இப்படி உடைவது நிறைய. இடுப்பளவு புல்லுக்குள் எந்த வளையைப் பார்ப்பீர்கள்? வெளிச்சரிவில் ஓர் இடம் மட்டும் வெயில் காலத்திலும் ஈரமாக இருக்கிறதா, புல் அங்கே மட்டும் பச்சையாக நிற்கிறதா என்பதெல்லாம் வெட்டிய கரையில்தான் கண்ணுக்குத் தெரியும். கரையில் புல் வெட்டுவதே முதலில் கரையைப் பார்ப்பதற்காகத்தான், அழகெல்லாம் அப்புறம்.

எப்படி வெட்டுவது என்பதை நம் ஊர்ப் பெண்களிடமே கேட்கலாம். மாட்டுக்குப் புல் அறுக்கும் அக்காமார் யாரும் மண்ணை ஒட்டி அறுப்பதில்லை. இடது கையில் ஒரு பிடியைச் சேர்த்துப் பிடித்து, பிடிக்குக் கீழே அரிவாளைக் கொடுத்து இழுப்பார்கள். கல்லில் பட்டு அரிவாள் மழுங்கக் கூடாது, மறுபடி சீக்கிரம் துளிர்க்கவும் வேண்டும், அதனால் நாலு விரல் தானாகவே நின்றுவிடும். உட்சரிவில், தண்ணீருக்குப் பக்கத்தில் கதிர் அரிவாள்தான் சரி. மேலே நடைபாதைக்கும் வெளிச்சரிவுக்கும் தோளில் மாட்டும் புல்வெட்டும் மெஷினைக் கொண்டு வாருங்கள், எனக்கு மெஷின் மேல் ஒன்றும் கோபம் இல்லை. ஆனால் நைலான் ஒயர் போட்ட மெஷினைத் தண்ணீர் ஓரத்தில் ஓட்ட வேண்டாம், தேயத் தேய அந்த ஒயர் துண்டு துண்டாகத் தெறித்துத் தண்ணீரில் விழும். பெட்ரோலும் ஆயிலும் கலந்து ஊற்றுவதை ரோட்டில் வைத்துச் செய்யுங்கள், கரையில் வேண்டாம். சரிவில் மேலும் கீழுமாக நடக்காமல் குறுக்காகவே நடந்து வெட்டுங்கள், ஈரத்தில் கால் வழுக்கினால் மெஷினோடு உள்ளே போக வேண்டியதுதான். கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு பூட்ஸ் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள், பிளேடு கல்லைத் தட்டினால் அது எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது.

தண்ணீர் விளிம்பில் நிற்கும் கோரையை முழுக்க எடுத்துவிடாதீர்கள். ஆள் உயரத்துக்கு அகலமாக ஒரு பட்டையை அப்படியே விட வேண்டும். காற்றடிக்கும்போது அலை வந்து நேராகக் கரையில் மோதாமல் தடுப்பது அதுதான். கரையில் இருந்து ஓடிவரும் மண்ணையும் சாணியையும் வடிகட்டுவதும் அதுதான். கானாங்கோழியும் தாழைக்கோழியும் கூடு கட்டுவதும் அதற்குள்தான். தட்டான் பூச்சியின் குஞ்சுகள் தண்ணீருக்குள் அந்தத் தண்டுகளைப் பிடித்துக்கொண்டுதான் வாழும், கொசுப் புழுவைத் தின்னும். படித்துறைக்கு இரண்டு பக்கமும் மட்டும் நன்றாக வெட்டிவிடுங்கள், பெண்கள் இறங்கும் இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

கோரை மாதிரியே தண்ணீரில் நிற்கும் சம்பு மட்டும் வேறு கதை. மேற்கு மூலையில், ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வந்து சேரும் இடத்தில் சம்பு அடர்ந்துகொண்டே வருகிறது, விட்டால் பத்து வருஷத்தில் பாதி ஊருணியை மூடிவிடும். அதைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அறுக்க வேண்டும். மேலே தலையை நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு வழியாகத்தான் அடியில் இருக்கும் கிழங்குக்குக் காற்று போகிறது, தண்ணீருக்கு அடியில் அறுத்துவிட்டால் கிழங்கு மூச்சுமுட்டி அழுகும். எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் எடுக்காமல் பகுதி பகுதியாக எடுத்தால் போதும்.

வெட்டியதைத் தண்ணீரில் தள்ளிவிடுகிற பழக்கத்தை எப்படியாவது நிறுத்துங்கள். தண்ணீரில் புல் அழுகும்போது அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அந்த அழுகலே தின்றுவிடும், மீன் செத்து மிதக்கும், பச்சைப் பாசி பிடிக்கும். கரையிலேயே குவித்துவைத்தாலும் மழையில் அதன் சாறு உள்ளேதான் இறங்கும். மாடு வைத்திருப்பவர்களை முன்கூட்டியே கூப்பிட்டால் ஒரு கத்தைகூட மிஞ்சாது.

நெய்வேலிக் காட்டாமணக்கை மெஷினால் வெட்டவே கூடாது. ஊதாப் பூப் பூத்துக்கொண்டு வரத்துக்காலின் இரண்டு பக்கமும் நிற்கிறதே, அதுதான். ஆடு தின்றால் அதற்கே ஆபத்து, தானாகவும் பெரும்பாலும் தொடாது. அதன் தண்டை ஒடித்து ஈர மண்ணில் போட்டாலே வேர் விட்டுவிடும், மெஷினால் வெட்டிச் சிதறவிட்டால் நூறு நாற்று நட்ட மாதிரிதான். வேரோடு பிடுங்கி, தூரமாகக் கொண்டுபோய்க் காயப்போட வேண்டும். சீமைக்கருவேலமும் அப்படித்தான். 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்ன சமயத்தில் ஊரே கோடாலியோடு கிளம்பியது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அன்றைக்குத் தரை மட்டத்தில் வெட்டியதெல்லாம் ஒரு மரத்துக்கு ஐந்து மரமாகத் துளிர்த்து நிற்கிறது. தூரோடு தோண்டி எடுத்தால்தான் ஒழியும். சின்னக் கன்றாக இருந்தால் கார்த்திகை, மார்கழியில் மண் ஈரமாக இருக்கும்போது கையாலேயே பிடுங்கலாம், அரைநாள் வேலை. கரையின் நடுவில் பெரிய மரமாக நிற்பதைத் தோண்டினால் அந்தக் குழியை அன்றைக்கே மண் போட்டு இறுக்கிவிட வேண்டும், இல்லையென்றால் முள்ளை எடுத்துவிட்டு ஓட்டையை வைத்துவிட்டோம் என்று ஆகும்.

பாம்புப் பயம் நியாயமானது, அதை நான் கேலி செய்ய மாட்டேன். விடியற்காலையில் குடத்தோடு போகிறவர்களுக்குக் கண்ணாடி விரியன் எங்கே படுத்திருக்கிறது என்று தெரியாது. ஆனால் அதற்கு நான்கு கரையையும் மொட்டையடிக்கத் தேவையில்லை, கரை மேல் இரண்டு பேர் ஒன்றாக நடக்கும் அகலத்துக்குப் பாதையும் படித்துறையும் எப்போதும் குட்டையாக வெட்டப்பட்டிருந்தால் போதும், கூட இரண்டு விளக்கு. டெங்குவுக்காகப் புல்லை எடுக்கச் சொல்கிறார்கள் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிடுவது தொட்டி, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, பிரிட்ஜுக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர் மாதிரியான இடங்களில். அதாவது நம் வீடுகளில். ஊருணிக் கரைப் புல்லைத் திட்டுவது சுலபம், அவ்வளவுதான்.

இனி நிர்வாகத்தாரிடம் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டிய விஷயம். ஏன் ஒவ்வொரு வருஷமும் சுரண்டலே நடக்கிறது, வெட்டு நடக்கவில்லை? உங்களுக்குப் புல்லின் அருமை தெரியவில்லை என்று நான் நினைக்கவில்லை. காரணம் பில். 2005ஆம் வருஷத்து நூறு நாள் வேலைச் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே, கண்ணுக்குத் தெரியும் பலன் இல்லாத, அளக்க முடியாத, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டிய வேலைகளை எடுக்கக் கூடாது என்று எழுதி, அதற்கு உதாரணமாகப் புல் அகற்றுவதையும் கூழாங்கல் பொறுக்குவதையும்தான் சொல்லியிருக்கிறார்கள். அதனால் "கரையில் புல் வெட்டியது" என்று அளவுப் புத்தகத்தில் எழுத முடியாது. எத்தனை கன மீட்டர் மண் வெட்டியது என்றுதான் எழுத முடியும். வேலைக்கு வருகிறவர்களுக்குக் கூலி போட வேண்டும், வருகைப் பதிவு ஆப்பில் காலையும் மத்தியானமும் படம் ஏற்ற வேண்டும், அளவு காட்ட வேண்டும். ஆகப் புல்லோடு சேர்த்து மண்ணையும் செதுக்குகிறார்கள். ஜேசிபிக்கும் அதே கதை, மணிக்கணக்கு வாடகை, பில் சுத்தமாக இருக்கும். சட்டம் எழுதியவர்கள் ரோட்டோரப் புல்லைச் செதுக்கி நாளைக் கழிப்பதைத் தடுக்க நினைத்திருக்கலாம், அது நியாயம்தான். நம் ஊரில் அது கரை மண்ணைச் செதுக்குவதில் வந்து நிற்கிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. நூறு நாள் வேலையை அளக்கக்கூடிய வேலைகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரித்துப்போன பள்ளங்களில் மண் போட்டு இறுக்குவது அளக்கலாம். வெற்றாகக் கிடக்கும் சரிவில் அருகம்புல் பத்தை பதிப்பது சதுர மீட்டரில் அளக்கலாம். வடகரையின் மோசமான பகுதியில் வெட்டிவேர் நடலாம், சரிவுக்குக் குறுக்காக வரிசை பிடித்து, ஒரு சாணுக்குள் ஒரு நாற்றாக. அதன் வேர் பத்தடி வரைக்கும் நேர் கீழே இறங்கும். கருவேலத் தூர் தோண்டுவதற்கும் எண்ணிக்கை உண்டு. புல் வெட்டுவதை மட்டும் ஊராட்சிப் பொதுநிதியில் இருந்து செய்யுங்கள். கண்மாய் மீன் ஏலத்தில் வரும் பணத்தில் ஒரு சிறு பங்கை இதற்கென்று ஒதுக்கிவைத்தால் வருஷத்துக்கு இரண்டு வெட்டுக்குத் தாராளமாகப் போதும், ஜேசிபி வாடகையும் மிச்சம். பெரிய கண்மாய் என்றால் 100 ஏக்கருக்கு மேல் பாசனம் இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம் என்று ஆளுக்கு ஆள் கைகாட்டலாம். ஊருணிக்கு அந்தச் சாக்கு கிடையாது. 1994ஆம் வருஷத்து ஊராட்சிகள் சட்டப்படி குளம் குட்டைகளைப் பராமரிப்பது ஊராட்சியின் வேலை. நாற்காலியில் தலைவர் இருந்தாலும் சரி, தனி அலுவலர் இருந்தாலும் சரி.

ஆள் யார் என்று கேட்பீர்கள். மாடு வைத்திருக்கும் வீடுகளுக்குக் கரையைப் பங்கு பிரித்துக் கொடுத்துவிடலாம் என்பது என் யோசனை. உன் பங்கில் புல் உனக்கு, நாலு விரல் விட்டு அறுக்க வேண்டும், வளை தெரிந்தால் வந்து சொல்ல வேண்டும், ஆட்டையும் மாட்டையும் கரைக்குள் ஏற்றக் கூடாது. சரிவில் மாடு இறங்கினால் குளம்பு பட்ட இடமெல்லாம் உடையும், அதோடு இது குடிக்கிற தண்ணீர். மாட்டுக்குத்தான் கீழ்க்குளம் இருக்கிறதே. பாதையையும் வெளிச்சரிவையும் கூலிக்கு ஆள் வைத்து மெஷினால் வெட்டலாம். மடைக்கும் கண்மாய்க்கும் நீர்பாய்ச்சி இருப்பதுபோல ஊருணிக்கும் ஓர் ஆளை வைத்து மாதச் சம்பளம் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

இப்படிச் சொன்னதும் பெரியவர்கள் சிலர் குடிமராமத்து என்று ஆரம்பிப்பார்கள், அந்தக் காலத்தில் ஊரே திரண்டு கரையைப் பார்த்துக்கொண்டது என்பார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரியைப் பார்த்துக்கொள்ளும் குழுவான ஏரி வாரியம் இருக்கிறது என்று மேடையிலும் பேசுவோம், சந்தோஷம்தான், பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு, 919லும் 921லும் வெட்டியது. ஆனால் 1858இல் வெள்ளைக்காரன் அந்த வேலையைக் கட்டாய உழைப்புச் சட்டம் போட்டு வாங்கினான் என்பதும் வரலாறுதான். ஊருக்குள் அந்த மண்வெட்டி யார் கைக்குப் போனது, அப்படிக் கரை கட்டியவர்களை எந்தப் படித்துறையில் இறங்க விட்டார்கள், எதில் விடவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். எனவே பழைய முறையை அப்படியே கொண்டுவரச் சொல்லி நான் கேட்கவில்லை. எல்லாத் தெருவுக்கும் பங்கு, செய்கிற வேலைக்குக் கூலி, அவ்வளவுதான்.

இளைஞர் மன்றத் தம்பிகளே, உங்களிடம் பனை விஷயம். நீங்கள் தென்கரை முழுக்கப் பனை விதை போட்டீர்கள், பத்திரிகையில்கூட வந்தது, மனதாரப் பாராட்டினேன். அது முளைத்திருக்கிறது, தெரியுமா? பனையின் முதல் ஓலை விசிறி மாதிரி இருக்காது. ஒற்றை இலையாக, கொஞ்சம் அகலமான முரட்டுப் புல் மாதிரிதான் தரையில் இருந்து நீட்டிக்கொண்டிருக்கும். மெஷின் வைத்திருப்பவருக்கு அதற்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. குருத்து மண்ணுக்குள் இருப்பதால் ஒருமுறை வெட்டினால் தப்பித்துவிடும், வருஷா வருஷம் வெட்டினால் தாங்காது. ஜேசிபி வழித்தால் கிழங்கோடு போயிற்று. ஒவ்வொரு கன்றுக்குப் பக்கத்திலும் ஒரு குச்சி நட்டு, தலையில் சுண்ணாம்பு தடவி வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. விதை போடும்போது வந்த கூட்டத்தில் கால்வாசி பேர் வந்தால் போதும்.

அப்புறம் நெருப்பு. சித்திரையில் யாரோ கரைக்குக் கொளுத்திப் போடுவது நம் ஊரில் ஒரு பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. கருகிய கரையில் ஆள்காட்டிக் குருவி தரையில் போட்ட முட்டை இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர். தையிலேயே ஒரு வெட்டு வெட்டி மாட்டுக்குக் கொடுத்துவிட்டால் சித்திரையில் எரிய ஒன்றும் இருக்காது.

களைக்கொல்லி பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். போன வருஷம் மேற்குக் கரையில் யாரோ கைத்தெளிப்பானோடு நின்றதை நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள், பெயர் சொல்லி யாரையும் இழுக்க விரும்பவில்லை. கிளைபோசேட்டைப் பூச்சி ஒழிப்புத் தொழில் செய்பவர்கள் மூலமாக மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று மத்திய அரசு 2022இலேயே அறிவிப்பு வெளியிட்டது. அது இருக்கட்டும், குடிதண்ணீர்க் கரையில் விஷம் தெளிக்கக் கூடாது என்பதற்கு அறிவிப்பு வேறு வேண்டுமா? அது வேரையும் சேர்த்துக் கொல்கிறது, ஆகக் கரைக்கு ஜேசிபி செய்வதையேதான் அதுவும் செய்கிறது, சத்தமில்லாமல்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்கு: நீங்கள் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறீர்கள், அது பெரிய மனசு. ஆனால் கரையைச் சுற்றி சிமெண்ட் கல் பதித்து, ஸ்டீல் பெஞ்ச் போட்டு, கலர் விளக்கு வைக்கலாம் என்று படம் வரைந்து அனுப்பியிருக்கிறீர்களே, அதைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். நகரத்துப் பூங்காவில் அது சரி. இங்கே கரை மேல் விழும் மழை கல்லில் நிற்காமல் விளிம்பில் வழிந்து, விளிம்பு மண்ணைத்தான் முதலில் அரிக்கும். அந்தப் பணத்தில் நல்ல புல்வெட்டும் மெஷின் இரண்டு, நாலு ஜோடி பூட்ஸ், கண்ணாடி, படித்துறைக்கு விளக்கு, வரத்துக்கால் முகப்பில் குப்பையைத் தடுக்க ஓர் இரும்புக் கம்பி வலை. மிச்சம் இருந்தால் மூன்று வருஷத்துக்கு வெட்டுக்கூலி.

காலம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் எப்போதும் பிசகுகிறது. பெரிய வெட்டு ஆவணி கடைசிக்குள் முடிந்துவிட வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் வளைகளை அடைக்கவும் புல் மறுபடி அடர்ந்து படியவும் ஒரு மாதமாவது அவகாசம் வேண்டும். புரட்டாசி கடைசியில் வெட்டிவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருப்பதில் பிரயோஜனம் இல்லை. கூடு கட்டியிருக்கும் கோரைப் பக்கம் அப்போது போகவே வேண்டாம். மழைக்காலத்தில் பாதையும் படியும் மட்டும். தை கடைசியில், புல் விதை உதிர்த்த பிறகு, இரண்டாவது வெட்டு. பங்குனிக்கு மேல் ஆனி வரைக்கும் கரையை அதன் பாட்டில் விட்டுவிடுங்கள்.

ஆகஸ்ட் 15 கிராம சபை வருகிறது. அக்டோபர் 2க்குத் தள்ளினால் மழை வந்துவிடும். இந்த ஆகஸ்ட் கூட்டத்திலேயே மூன்று விஷயத்தைத் தீர்மானமாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்: ஊருணிக் கரையில் ஜேசிபி ஏறக் கூடாது, மீன் ஏலப் பணத்தில் வெட்டுக்கூலிக்கு ஒதுக்கீடு, கரைப் பங்கு யார் யாருக்கு என்ற பட்டியல். கையெழுத்துப் போட எங்கள் தெருவில் இருந்து ஆட்களைக் கூட்டிவருவது என் பொறுப்பு. கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, விருப்பம் உள்ளவர்கள் வடகரைக்கு வாருங்கள், அரித்த பள்ளங்களை நேரில் பார்த்து அளந்து வைத்துக்கொள்வோம். நீள டேப் ஒன்று என்னிடம் இருக்கிறது. மண்வெட்டி நாலைந்து வேண்டியிருக்கும், இருப்பவர்கள் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
ஊருணித் தண்ணீரையே இன்னும் குடிக்கும் தெற்குத் தெருவாசி ஒருவர்